கைவிடப்பட்ட வாயு ஆலை

திருமண ஊர்வலத்திலும் கோயில் உற்சவத்திலும் ஆட்கள் தலையில் சுமந்து வந்த விளக்கை நம் மக்கள் ‘காஸ் லைட்’ என்று அழைத்தார்கள். மயிலாப்பூரின் நான்கு மாட வீதிகளிலும் பங்குனிப் பெருவிழாவின்போது அவ்விளக்குகள் வரிசையாகச் செல்வதைச் சிறு வயதில் நான் கண்டிருக்கிறேன். அவற்றில் ஊற்றியது மண்ணெண்ணெய். தொட்டியில் காற்றடித்து, எண்ணெயை ஆவியாக்கி, ‘மேண்டில்’ என்னும் சிறு வலையைச் சுடர்விடச் செய்த பெட்ரோமாக்ஸ் விளக்குகள் அவை. மண்ணெண்ணெய் விளக்குக்கு ‘காஸ் லைட்’ என்னும் பெயர் எங்ஙனம் வந்தது? குழாய் வழியே உண்மையான வாயு வந்து எரிந்த நகரங்களின் விளக்கிலிருந்து வந்தது. ஒளி ஒன்றுபோல் இருந்தமையால் பெயரும் ஒட்டிக்கொண்டது.

மாணவச் செல்வர்களே! ஒரு பொருள் மறைந்த பின்னும் அதன் பெயர் வாழ்வதுண்டு. அவ்வாறு பெயரை மட்டும் நம்மிடம் விட்டுச் சென்ற ஒரு தொழிலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்த தொழில். ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகின் பெருநகரங்கள் பலவற்றுக்கு இரவில் ஒளி தந்த வாயு ஆலைகள் இன்று பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. மூடிக் கிடக்கும் ஆலையில் வரலாற்று மாணவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அரண்மனையையும் கோட்டையையும் போலவே ஆலையும் ஒரு காலத்தின் ஆவணம். அதனைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவே.

வாயு ஆலை இயங்கிய முறையை முதலில் அறிவோம். நிலக்கரியைக் காற்றுப் புகாத வாலையில் இட்டு, வெளியே தீ மூட்டி, ஏறத்தாழ 1,000 பாகை சென்டிகிரேடு வரை சூடேற்றுவார்கள். காற்று இல்லாமையால் கரி எரிவதில்லை. சிதைந்து ஆவியை வெளிவிடுகிறது. அந்த ஆவியைக் குளிர்விக்கும்போது கருமையான தார் கீழே தங்கும். நீரில் கழுவும்போது அம்மோனியா பிரியும். பின்னர்ச் சுண்ணாம்பு அல்லது இரும்பு ஆக்சைடு பரப்பிய பெட்டிகளின் வழியே செலுத்தினால் துர்நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு நீங்கும். எஞ்சிய வாயு, நீர் நிரம்பிய தொட்டியில் கவிழ்த்து வைத்த பெரிய இரும்பு மணியினுள் சேரும். வாயு நிறைய நிறைய அம்மணி மேலெழும். ஊரார் விளக்கேற்ற ஏற்ற அது கீழிறங்கும். ஒரு டன் நிலக்கரியிலிருந்து ஏறத்தாழ 10,000 கன அடி வாயு கிடைத்தது. வாலையில் எஞ்சிய கற்கரி அடுப்புக்கு விற்பனையாயிற்று.

ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் முர்டாக் என்னும் பொறியாளர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள ரெட்ரூத் என்னும் ஊரில் 1792-ஆம் ஆண்டளவில் தம் வீட்டை இவ்வாயுவினால் ஒளிரச் செய்தார். 1812-இல் இலண்டன் நகருக்கு வாயு வழங்க ஒரு கம்பெனி அரச சாசனம் பெற்றது. இரவு என்பது உறங்குவதற்கே உரியது என்றிருந்த நிலை அதன்பின் மாறிற்று. கடைகள் இரவில் திறந்திருந்தன. நாடக அரங்குகள் ஒளிபெற்றன. ஆலைகள் இரவு முறையிலும் ஓடின. ஆனால் அந்த ஒளிக்காக வாலைகளின் முன் நின்று கரியை அள்ளி வீசியவர்களின் உழைப்போ மிகக் கொடியது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அனலில் வெந்த இலண்டன் வாயுத் தொழிலாளர்கள், 1889-இல் வில் தோர்ன் என்பவரின் தலைமையில் சங்கம் அமைத்து, எட்டு மணி நேர வேலையை வென்றெடுத்தார்கள். இன்று உலகமெங்கும் நியாயம் என ஏற்கப்பட்ட ஒரு நியதிக்கு, வாயு ஆலையின் வாயிலில் நடந்த போராட்டமும் ஒரு காரணமாகும்.

நம் நாட்டில் இத்தொழில் முதலில் வேரூன்றிய இடம் கல்கத்தா. 1853-இல் நிறுவப்பெற்ற ஓரியண்டல் காஸ் கம்பெனி, 1857-ஆம் ஆண்டு அந்நகரத் தெருக்களில் வாயு விளக்கை ஏற்றியது. வடநாடெங்கும் பெருங்கிளர்ச்சி மூண்டிருந்த அதே ஆண்டு அது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1860-களில் பம்பாயும் வாயு விளக்கைப் பெற்றது. கடல் கடந்து தமிழர் வாழ்ந்த நகரங்களையும் இவ்வொளி எட்டியது. நகராட்சிப் பணிகளில் தமிழர் பலர் உழைத்த சிங்கப்பூரில், காலாங் பகுதியில் எழுந்த ஆலை 1864 மே 24-ஆம் நாள் தெருவிளக்குகளுக்கு வாயு அளிக்கத் தொடங்கியது. கொழும்பு நகரின் புறக்கோட்டைப் பகுதியில் ‘காஸ் வேர்க்ஸ் வீதி’ என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கேயே ‘ஐந்துலாம்புச் சந்தி’ என்று தமிழர் வழங்கும் நாற்சந்தியும் உண்டு. ஐந்து வாயு விளக்குகளின் நினைவை அந்தப் பெயர் தாங்கி நிற்கிறது.

சென்னைத் தெருக்கள் மட்டும் எண்ணெய் விளக்கிலிருந்து நேரே மின்விளக்குக்குத் தாவின. இதற்குக் காரணம் நம் முன்னோரின் சோம்பல் அன்று, நிலத்தின் அமைப்பு. கல்கத்தாவிலிருந்து சுமார் 120 மைல் தொலைவில் இராணிகஞ்சு நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ளன. 1855-இல் இருப்புப்பாதை அங்கே சென்று சேர்ந்தது. கரி மலிவாக வந்தது. இரண்டே ஆண்டுகளில் வாயு விளக்கும் வந்தது. சென்னையிலும் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு இரயில் ஓடியது. ஆனால் அந்தப் பாதையின் எந்த முனையிலும் நிலக்கரி இல்லை. கரிக்குக் கப்பலையே நம்பியிருந்த ஊர் இது. எனவே இங்கே வாயுவின் காலம் விடியாமலே மின்சாரத்தின் காலம் பிறந்தது. 1895-இல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியதும் இதே சென்னையில்தான்.

ஆயினும் சென்னையில் வாயு ஆலையே இருந்ததில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகங்களுக்குப் பின்னால், சுற்றுச்சுவரை ஒட்டினாற்போல், சிறிய ஆலைகள் இருந்தன. ‘காஸ் பிளாண்ட்’ என்றே அவற்றை அழைத்தார்கள். நிலக்கரிக்குப் பதிலாக மண்ணெண்ணெயைச் செந்தணலாகக் காய்ந்த இரும்பு வாலையினுள் சொட்டுச் சொட்டாக விழச் செய்து, அதைச் சிதைத்து, வாயு எடுக்கும் முறை அது. புன்சன் அடுப்புகள் யாவும் அவ்வாயுவினாலேயே எரிந்தன. சிலிண்டரில் அடைத்த வாயு எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின் அவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

அத்தகைய ஆலை ஒன்றை நேரில் ஆராயும் வாய்ப்பு எனக்கு 1992-ஆம் ஆண்டு கிடைத்தது. அப்போது நான் உதவி ஆசிரியன். எங்கள் பள்ளி அறிவியல் மன்ற மாணவர் பன்னிருவரை, முதல்வரின் இசைவு பெற்று, மயிலாப்பூரிலிருந்து நடக்கும் தொலைவிலுள்ள ஒரு கல்லூரிக்கு அழைத்துச் சென்றேன். ஆய்வக உதவியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். தாழ்ந்த ஓட்டுக் கூரை. அதன் கீழே செங்கல் உலை. உலையினுள் துருவேறிய வாலை. வெளியே வட்டத் தொட்டியில் பச்சை நீர் நிறைந்திருக்க, வாயு மணி ஒருபுறம் சாய்ந்து நின்றது. காலை ஆறு மணிக்கே உலையை மூட்டினால்தான் ஒன்பது மணிக்கு மாணவரின் அடுப்புகள் எரியும் என்று பெரியவர் சொன்னார். மணி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே, எத்தனை வகுப்புகளுக்கு வாயு போதும் என்று அவர் கணக்கிட்டு விடுவாராம்.

புறப்படுமுன் மாணவர்களிடம் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். இவ்விடத்திற்குள் என்ன வந்தது? இங்கிருந்து என்ன சென்றது? இங்கே என்ன தங்கிவிட்டது? எந்தப் பழைய ஆலையைப் படிப்பதற்கும் இம்மூன்றும் போதும் என்பது என் அனுபவம்.

முதற் கேள்விக்கு மாணவர் கண்ட விடை எளியது: மண்ணெண்ணெயும் விறகும் நீரும் வந்தன. ஆனால் இதே கேள்வியை உலகின் பெரிய வாயு ஆலைகளிடம் கேட்டால், விடை நம் குமரிக் கடற்கரைக்கே வந்து சேர்கிறது. வெறும் வாயுச் சுடர் மஞ்சளாக மங்கி எரிவது. ஆஸ்திரியாவின் கார்ல் அவுயர் என்னும் வேதியியல் அறிஞர், தோரியம் 99 பங்கும் சீரியம் 1 பங்கும் சேர்ந்த ஆக்சைடு வலையைச் சுடரின்மேல் பொருத்தி, 1891-இல் வெண்ணிற ஒளியைப் பெற்றார். அந்த வலையே மேண்டில். தோரியத்துக்கு மோனசைட்டு என்னும் கனிமம் வேண்டும். 1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் அக்கனிமத்தைக் கண்டுபிடித்தார். அதன் பயனாக மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. 1956-இல் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்தின் ஊர் அது. ஐரோப்பியத் தெருக்களில் எரிந்த விளக்குக்கு நம் கரை மணலும் ஒளி தந்தது. மாட வீதியில் சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் அதே இன மேண்டில்தான் சுடர்விட்டது.

இரண்டாம் கேள்வி, ஆலையிலிருந்து என்ன சென்றது என்பது. ஒளி சென்றது என்று உடனே கூறுவோம். ஒளியோடு வேறொன்றும் சென்றது, அதுதான் தார். முதலில் அதை எங்கே கொட்டுவது என்று அறியாமல் ஆலைக்காரர்கள் திகைத்தார்கள். 1856-இல் இலண்டனில் பதினெட்டு வயது மாணவன் வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்கு மருந்தாகும் குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்றான். தாரிலிருந்து பெற்ற அனிலீனைக் கொண்டு சோதிக்கையில், மருந்துக்குப் பதிலாக ஊதா நிறச் சாயம் ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து தார் குப்பையாக இருக்கவில்லை, பொன்னாயிற்று. தாரிலுள்ள ஆந்த்ரசீனிலிருந்து அலிசரின் என்னும் செஞ்சாயத்தை ஜெர்மானிய அறிஞர்கள் 1868-இல் ஆக்கிக் காட்டினார்கள். தாரிலுள்ள நாப்தலீனிலிருந்து செய்த நீலச்சாயம் 1897-இல் சந்தைக்கு வந்தது.

இச்செய்தி நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்று எண்ணிப் பாருங்கள். நம் கடற்கரை மணலில் சாயவேர் என்னும் சிறு செடி வளர்கிறது. அதன் வேரிலுள்ள செம்மை அலிசரினே. சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளுக்கு உலகப் புகழ் தேடித் தந்த வேர் அது. 1734-இல் நூற்பவர்க்கும் நெய்பவர்க்கும் துணியில் வண்ணம் தீட்டுபவர்க்கும் என்றே அமைந்த சிந்தாதிரிப்பேட்டை இன்றும் நம் நகரின் நடுவே இருக்கிறது. தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் அவுரி பயிரிட்டு, தொட்டிகளில் ஊறவைத்து, நீலம் எடுத்து, சென்னைத் துறைமுகத்தின் வழியே அயல்நாடுகளுக்கு அனுப்பினார்கள். தாரிலிருந்து பிறந்த சாயங்கள் மலிவாகவும் மாறாத் தரத்தோடும் வந்தவுடன், வேர் தோண்டியவர்கள் தொழிலிழந்தார்கள். அவுரி வயல்கள் சுருங்கின. இலண்டனில் விளக்கேற்றியதன் கழிவு, பண்ருட்டிப் பக்கத்து உழவனின் வயலை மாற்றியது. வாயு விளக்கு சென்னைத் தெருவுக்கு வரவில்லை. ஆனால் வாயு ஆலையின் தார் சாயமாக உருமாறிச் சென்னைக்கு வந்தே தீர்ந்தது. ஆலையின் மதிற்சுவர் அதன் எல்லை அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மூன்றாம் கேள்விக்கு விடை தந்தவர் அந்த முதியவரே. உலைக்குப் பின்புறம் பத்தடி தள்ளி வெறுமையாக இருந்த ஓரிடத்தை அவர் காட்டினார். சுற்றிலும் புல் முளைத்திருந்தது. அங்கு மட்டும் மண் கருத்து இறுகிக் கிடந்தது.

“தார் ஊத்தற குழி சார் இது. கறையான் அரிக்காம இருக்க, கம்பத்துக்கெல்லாம் பூச எடுத்துக்கிட்டுப் போவாங்க. மிச்சம் எல்லாம் இங்கயேதான். மேல மண்ணைப் போட்டு மூடினது நான்தான். ரெண்டு தரம் வேப்பங்கன்னு வெச்சுப் பார்த்தேன், நிக்கல” என்றார்.

“இக்குழி எங்கே இருக்கிறது என்று கல்லூரி வரைபடத்தில் குறித்திருக்கிறார்களா?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

“இல்ல தம்பி. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்” என்றார் அவர்.

அந்த விடையில் உள்ள ஆபத்தை நீங்கள் உணர வேண்டும். மண்ணுக்குள் நஞ்சு இருக்கிறது. அது இருக்குமிடம் ஒரே ஒரு மனிதரின் நினைவில் இருக்கிறது. அன்று மாலை மாணவர்கள் நாடா பிடித்து அளந்து, உலை, தொட்டி, குழி ஆகியவற்றைச் சுற்றுச்சுவரிலிருந்து இத்தனை அடி என்று குறித்துப் படம் வரைந்தார்கள். ஒரு படியைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்தோம். மற்றொன்று எங்கள் மன்றக் குறிப்பேட்டில் இருந்தது. சில ஆண்டுகளில் அம்முதியவர் காலமானார். அதன்பின் அப்பக்கம் கிணறு தோண்ட இடம் பார்த்தபோது, படத்தைக் கண்டு வேறிடம் தேர்ந்தார்கள் என்று அறிந்தேன். ஓராயிரம் ரூபாய்ச் செலவும் இல்லாமல் பன்னிரண்டு சிறுவர்கள் செய்த பணி அது.

சிறிய ஆலையின் கதையே இதுவானால், பெரிய ஆலைகளின் கதையைக் கூற வேண்டுமா? நிலக்கரித் தாரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் உண்டு. வாயுவைத் தூய்மைசெய்த பெட்டிகளிலிருந்து அகற்றிய கழிவில் சயனைடுச் சேர்மங்கள் உண்டு. அவற்றால் அக்கழிவு நீலம் பூத்திருக்கும். ஆலை மூடிப் பல பதிற்றாண்டுகள் ஆன பின்னும் இவை மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கிடக்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1906 முதல் 1956 வரை இயங்கிய வாயு ஆலையை இடித்துத் தள்ளாமல், அதன் இரும்புக் கோபுரங்களை நிறுத்திவைத்து, 1975-இல் பூங்காவாகத் திறந்தார்கள். பழைய தொழிலின் உருவத்தை மக்கள் கண்முன் காத்த நற்செயல் அது. ஆனால் மண்ணில் நச்சுப் பொருள்கள் காணப்பட்டமையால் 1984-இல் அப்பூங்காவைச் சில காலம் மூட நேர்ந்தது. உருவத்தைக் காப்பது எளிது. நிலத்தைக் குணப்படுத்துவது அரிது.

நம் நாட்டில் இதற்குப் போபாலே பெரும் சாட்சி. அங்கிருந்தது விளக்குக்கு வாயு செய்த ஆலை அன்று, பூச்சிகொல்லி ஆலை. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு அதிலிருந்து கசிந்த நச்சு வாயு, உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது. ஆலை மூடப்பட்டது. ஆனால் அதன் வளாகத்தில் இருந்த 337 டன் கழிவை அங்கிருந்து அகற்றியது 2025 சனவரியில்தான். நாற்பது ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பெற்றோரும் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்து மக்கள் குடித்த நிலத்தடி நீரில் கலந்ததை எந்த வண்டியில் ஏற்றி அனுப்புவது?

இதனால் ஆலைகளே வேண்டா என்று நான் கூறுவதாக எண்ணாதீர்கள். வாயு விளக்கு இல்லாதிருந்தால் இரவுப் பள்ளிகளும் நூலகங்களும் இத்துணை விரைவில் வளர்ந்திரா. தாரிலிருந்து சாயம் மட்டுமா வந்தது? மருந்துகள் பலவும் வந்தன. ஒன்றைத் தொடங்குவோர் அதனை முடிக்கவும் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வீடு கட்டுபவன் சாக்கடைக்கு வழி விடாமல் கட்டினால் அவனை அறிவுடையோன் என்போமா? ஆலைக்கு உரிமம் வழங்கும்போதே, அது மூடப்படும் நாளில் நிலத்தை யார், எவர் செலவில், எவ்வாறு திருப்பித் தருவார் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

நாளை பொறியாளராகவும் அலுவலராகவும் நகராட்சி உறுப்பினராகவும் இருக்கப் போகிறவர்கள் நீங்கள். அந்நாள் வரும்வரை உங்களால் இயன்ற பணி ஒன்று உண்டு. உங்கள் தெருவிலோ ஊரிலோ மூடிக் கிடக்கும் ஆலையோ பட்டறையோ இருந்தால், அதில் வேலை செய்த முதியவர்களைத் தேடிச் செல்லுங்கள். அவர்கள் என்ன செய்தார்கள், எதை எங்கே கொட்டினார்கள் என்று கேட்டு, நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். உரியவரின் இசைவும் பெரியோர் துணையும் இன்றிப் பாழடைந்த ஆலைக்குள் ஒருபோதும் நுழையாதீர்கள். மூடிய தொட்டியில் மூச்சை நிறுத்தும் காற்று தேங்கியிருக்கலாம். துருவேறிய படி ஒடியலாம். கேட்டறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி சுவருக்கு வெளியே, திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு தொழிலாளியின் நினைவில்தான் இருக்கிறது.

சிங்கப்பூரின் காலாங் ஆலை 1998-இல் ஓய்ந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் கொழும்பிலும் வாயு விளக்குகள் அதற்கு வெகு முன்னரே மின்விளக்குக்கு வழிவிட்டு விலகின. ஒளி தந்தவற்றை மக்கள் எளிதில் மறப்பதில்லை. ஐந்து விளக்குகள் எரிந்த சந்திக்குப் பெயர் நிலைத்திருக்கிறது; காஸ் இல்லாத விளக்குக்கும் காஸ் லைட் என்னும் பெயர் வாய்த்தது. தார்க்குழிக்கு மட்டும் எவரும் பெயர் வைப்பதில்லை. பெயரில்லாத அவ்விடத்தையும் ஏட்டில் குறித்து வைப்பது வரலாறு கற்பவரின் கடமையாகும்.